கேசட் நின்ற இடம்

முப்பத்தெட்டாவது வளைவில் செருப்பு அறுந்தது. வளைவின் எண் எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து வாரைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தபோது மத்தியானப் பஸ் என்னைத் தாண்டி இறங்கியது. கண்டக்டர் படியில் நின்று, “ஏப்பா டெக்குக்கடை, ஏறலியா?” என்று கத்தினார். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஏறினால் எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவேன். என் வாய் நிற்காது என்பதற்காகத்தான் அன்று காலையில் கடைக்கார அக்கா என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

அனுப்பியதில் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு முன்பு செங்கல் சூளை, போர்வெல் லாரி, கோழிப்பண்ணை என்று பல இடங்களிலிருந்து நானே கிளம்பிப் போயிருக்கிறேன். இரண்டு இடங்களில் துரத்தியும் இருக்கிறார்கள். ஆனால் நான் யார் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு அனுப்பியவர் அக்கா ஒருவர்தான். மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

அக்கா மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் பஸ் நிற்கிற இடத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். மலைக்காரர்கள் அவரை டெக்குக்காரம்மா என்பார்கள். பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். “கூப்புட்டாத் திரும்பிப் பாக்கறேனில்ல? அப்பறம் பேரெதுக்கு?” என்றார். கீழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று பேச்சில் தெரியும். எந்த ஊர், ஏன் தனியாக மலைக்கு வந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “பஸ்ஸு இங்கதான் நின்னுச்சுங்க.”

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. குளிருக்குச் சேலைமேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். மலை ஈரத்தில் கேசட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதனால் கேசட் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டிருப்பார். அலமாரிக் கதவைத் திறந்தால் அடுப்படிபோலக் கதகதப்பாக இருக்கும். மழைநாளில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் குளிர் காய்வதற்காகவே படம் பார்க்கிறாற்போல வந்து நிற்பார்கள்.

டிவி இருந்த வீடுகள் குறைவு. கேசட்டைப் போட்டு ஓட்டுகிற டெக் இருந்தவை அதைவிடக் குறைவு. சிடி அப்போது மலைக்கு வந்திருக்கவில்லை. வாடகைக்கு எடுப்பவர்கள் கடைக்கு வந்துபோக அரைநாள் ஆகும் என்பதால், கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதைகளில் வீடுவீடாகக் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. வளப்பூர் நாட்டில் தொடங்கித் திண்ணனூர் நாடு வரைக்கும் நடப்பேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவனுக்கு அதைவிட நல்ல வேலை அமையாது.

அங்கே சேர்ந்த கதையைச் சொன்னால்தான் அக்காவைப் புரிந்துகொள்ள முடியும். கோழிப்பண்ணையை விட்டுவிட்டு மலைக்கு வந்தவன், கடை வாசலில் நின்று ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டேன். படிப்பு என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

“கடைசியா உனக்குப் புடிச்ச படம் எது?”

நாமக்கல்லில் பார்த்த ஒரு சண்டைப் படத்தைச் சொன்னேன்.

“அதுல எந்த எடம்?”

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சண்டையெல்லாம் முடிந்த பிறகு அவன் தனியாகப் போய்த் தெருக்குழாயில் கை கழுவிவிட்டு அப்படியே திட்டில் உட்காருவான், அந்த இடம் என்றேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப உனக்குச் சண்டைப் படம் புடிக்காது. உக்கார எடந்தான் வேணும். பின்னாடி சாக்கு கெடக்குது, படுத்துக்க. காலைல திண்ணனூருக்கு நடக்கோணும்.”

அவ்வளவுதான் வேலைக்கு எடுத்தது.

மற்ற ஊர்களில் கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றாமல் திருப்பிக் கொடுத்தால் திட்டு விழும். அக்கா கடையில் சுற்றிக் கொடுத்தால்தான் திட்டு. “எங்க நிறுத்துனீங்களோ அப்படியே குடுங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அடுத்து வாங்குகிறவர்தான் தம் வீட்டில் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த கேசட்டை முதலில் வெளிச்சத்தில் பிடித்து, சின்னக் கண்ணாடி வழியாக எந்தப் பக்கம் எவ்வளவு நாடா இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு டெக்கில் போட்டு, நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடம் ஓடவிடுவார். அதை வைத்தே அந்த வீட்டுக்கு அடுத்த படத்தை எடுத்துவிடுவார். ஒரு வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால் கேசட் யாருக்கும் பிடித்த இடத்தில் நிற்காது. அப்போது என்னைக் கேட்பார். “ஆரு எந்தெடத்துல எந்திரிச்சுப் போனாங்க? ஆரு ‘இன்னொருக்கா போடு’ன்னாங்க?” நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். சொல்வதில்தான் நான் கெட்டிக்காரன்.

நல்ல படம் எது என்று அக்கா யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. “நல்ல படமுன்னு ஒண்ணு கெடையாது. உங்குளுக்கு ஏற்கெனவே எது புடிச்சுதுன்னு சொல்லுங்க” என்பார்.

பலாத்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் எப்போதும் சாமி படம் கேட்பார். அக்காவும் கொடுத்து அனுப்புவார். நான்கு சாமி படம் போய்த் திரும்பி வந்ததும் நான்கும் நின்ற இடங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார். நான்கிலும் எங்கோ ஓர் ஓரத்தில் மாடு நின்றது.

“இந்த மனுசன் ஊட்டுல மாடு இருக்குதா?”

“போன மாசம் ஒரு எருது செத்துப்போச்சுன்னு சொன்னாருங்க.”

அலமாரிக்கு அடியில் யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு படத்தை உருவிக் கொடுத்தார். கதை ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு ஜோடி எருது படம் முழுக்க வரும். பெரியவர் அதைப் பதினோரு நாள் திருப்பித் தரவில்லை. கேட்கப் போனபோது, “இது சாமி படந்தான் கண்ணு, உங்கக்காளுக்குச் சொல்லு” என்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். கருத்துள்ள படம்தான் வேண்டும், குப்பையெல்லாம் அனுப்பாதே என்பார். அவர் திருப்பித் தந்த கருத்துள்ள படம் எல்லாமே காமெடி வருகிற இடத்தில்தான் நின்றது. அக்கா இதை யாரிடமும் சொல்லிச் சிரித்தது கிடையாது. கேசட்டுகளைக் கட்டும்போது எனக்கு மட்டும் சொல்வார்: “கருத்த மேல வையி. சிரிப்ப அடியில வையி. அடியில இருக்கறது ஏதோ தவறி வந்துட்ட மாதிரி இருக்கோணும்.” வாத்தியாரும் ஒவ்வொரு முறையும், “என்னப்பா, ஒண்ணு மாத்தி வந்துருச்சே” என்று சலித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைப்பார்.

மலைக்குப் பின்புறம் ஆன்டெனா எடுக்காத ஒரு சிற்றூருக்கு, டிவி தொடரைத் திங்கள் முதல் வெள்ளி வரை பதிவு செய்து சனிக்கிழமை ஒரே கேசட்டில் அனுப்புவார். அங்கிருந்த பெண்கள் என்னிடம், “மாமியாக்காரி வர்ற எடம் மட்டும் இருந்தாப் போதுமுன்னு சொல்லு சாமி. மத்தவிங்க அழுகறத ஆரு பாக்கறது?” என்றார்கள். சொன்னேன். “திட்டறதுக்கு ஆளு வேணுங்குதா? அப்ப இந்த மாமியா பத்தாது” என்று அக்கா வேறொரு தொடரைப் பதிவு செய்து அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை எனக்கு அந்த ஊரில் மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொன்னால் பொய். ஒரு வீட்டில் புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் ஒரே சிரிப்பு நடிகரைத்தான் பிடிக்கும். மாதம் இரண்டு கேசட் வாங்குவார்கள். அவர்கள் பையன் காய்ச்சலில் இறந்துபோனான். முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும், அந்த நடிகரின் படமாகவே தேடி எடுத்து அக்கா என்னிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் வாங்கப் போனேன். டிவிமேல் சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். கேசட் தொடங்கிய நாலாவது நிமிடத்தில் நின்றிருந்தது. அக்கா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் டெக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“புடிச்சது மாறாதுன்னு நெனச்சுட்டேன்” என்றார். “அவிங்களுக்குப் புடிச்சது அந்த நடிகன் இல்ல. அவனப் பாத்து அந்தப் பையன் சிரிக்கறது.”

அன்று கடையைப் பாதியிலேயே சாத்திவிட்டார். அவர் தப்புச் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான். அதன்பிறகு நான் கொண்டுவரும் தகவல்களை இன்னும் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தார். சில நேரம் பயமாக இருக்கும். ஒரு மலை மொத்தமும் எங்கே அழுகிறது, எங்கே சிரிக்கிறது என்பது ஒரு பொம்பளைக்குத் தெரிந்திருந்தது. அதைச் சுமந்து வந்து கொட்டியவன் நான்.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்ணனூர் நாட்டில் மிளகு வியாபாரம் செய்யும் ஒருவரின் மனைவி. இருபத்திமூன்று, இருபத்திநாலு வயது. கீழே சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் ஜீப்பில் மிளகு ஏற்றிக்கொண்டு கீழே போய்விடுவார். அந்த நாள்களில்தான் நான் போவேன். வீட்டில் டிவி, டெக் இரண்டும் உண்டு. மாமியார் தோட்டத்துக்குப் போன பிறகு தனியாகப் பார்ப்பார் போலிருக்கிறது. கேசட்டைச் செய்தித்தாளில் சுற்றித் தயாராக வைத்திருப்பார். ஒருநாள் கேசட் நீட்டிய கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. இன்னொரு நாள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

அவர் இரண்டு தடவை தாய்வீட்டுக்கு ஓடிப்போனதும், இரண்டு தடவையும் பெரியவர்கள் போய்ப் பேசிக் கூட்டி வந்ததும் மலை முழுக்கத் தெரிந்த கதை. இரண்டாவது தடவை அவர் வீட்டுக்காரர் ஊர்முன்னால் அவரை மன்னித்து, ஊருக்கே சோறு போட்டார். நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தனியாக அந்தப் பெண் பஸ் ஏறினால் எந்தக் கண்டக்டரும் மலையை விட்டு இறக்கமாட்டார்.

அந்த மனிதரும் முன்பு சில கேசட் வாங்கியவர்தான். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இடத்தில் நிறுத்தியிருப்பார். தங்கையோ, பெண்டாட்டியோ, பெற்ற பிள்ளையோ கதாநாயகன் காலில் விழுகிற இடம். “இவனுக்கு மன்னிக்கோணும்” என்றார் அக்கா. “அதுக்கு ஆராச்சும் தப்புப் பண்ணிக்கிட்டே இருக்கோணும்.”

அந்தப் பெண்ணின் கேசட் நின்றதோ வேறிடத்தில். பழைய குடும்பப் படம் ஒன்று. விடியற்காலையில் கதாநாயகி வீட்டைப் பூட்டி, சாவியை நிலைமேல் வைத்துவிட்டு, நடந்து போய் பஸ் ஏறுவாள். பஸ் திரும்பி மறையும். அங்கே நின்றது கேசட். அதற்குமேல் கால்மணி நேரப் படம் இருக்கிறது. அதில் அவள் பட்டணத்தில் சீரழிந்து, மழையில் நனைந்து திரும்பி வந்து புருஷன் காலில் விழுவாள். அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. அதே படத்தை மறுபடி கேட்டார். மறுபடி அதே இடம்.

அக்கா வேறு படங்கள் கொடுத்தனுப்பிப் பார்த்தார். வீட்டை விட்டுப் போகிற பெண்கள் வரும் படங்கள். எல்லாமே அவள் போகிற இடத்தில் நின்று திரும்பி வந்தன. ஒருநாள் அக்கா அலமாரியை முழுசாகக் காலி செய்து கேசட்டுகளைத் தரையில் பரப்பினார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கதையை எனக்குச் சொல்லி, அடுக்கினார். மத்தியானம் வரைக்கும் அதுதான்.

“முந்நூறு கேசட்டு இருக்குது. போன பொம்பள திரும்பி வராத படம் ஒண்ணு இல்ல பாரு” என்றார். “ஒண்ணு திரும்பி வந்து கால்ல வுழுகறா, இல்லாட்டிச் செத்துப்போறா.”

அடுத்த வாரம் சேலத்துக்கே போய் மொத்தக் கடைகளில் தேடினார். இரண்டு கேசட்டோடு வந்தார். இரண்டையும் கடைசி வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அலமாரிமேல் எறிந்தார். “அந்தப் புள்ளைக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. பழைய படத்தையே கொண்டுபோய்க் குடு. எங்க வேணுமோ அங்க நிறுத்திக்கட்டும்.”

நான் கெடுத்தது அதன் பிறகுதான். ஒரு சந்தை நாளில் அந்த வியாபாரி என்னைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார். “ஏந்தம்பி, நடந்தே சாகற? வா, டீ குடி.” எதிரே உட்கார்ந்து, என் ஊர், என் சூளை, என் போர்வெல் லாரி எல்லாம் கேட்டார். யாரும் கேட்காத கதைகள். சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். இரண்டாவது டீயும் வந்தது. பேச்சுவாக்கில், “உங்கூட்டுல ஒரு படம் வாங்குறாங்க பாருங்க, அஞ்சு தடவ ஆச்சு! கேசட்டே தேஞ்சுபோச்சு” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். “அப்படியா? எந்தப் படமுங்க தம்பி?” என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வீட்டில் கேசட் வாங்குவதே அவருக்குத் தெரியாது என்று.

அக்காவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வாய் ஒழுங்காக நின்ற ஒரே நாள் அது.

இரண்டு நாள் கழித்து, எனக்கு வேலை போன அந்தக் காலையில், மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. திண்ணனூரிலிருந்து அப்போதுதான் வந்து பையை இறக்கி வைத்தேன். பின்னாலேயே ஜீப் வந்து நின்றது.

“ஏனுங்க்கா, நல்லாருக்கீங்ளா?” என்று உள்ளே வந்தார் வியாபாரி. கோபமாகத் தெரியவில்லை. குடையை மடக்கிக் கவனமாக வெளியே வைத்தார். “எங்கூட்டுல ஒரு படத்தை அஞ்சு தடவ வாங்குனாங்ளாமா. தம்பி சொன்னாப்ல.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் உறைத்தது.

“வாங்குவாங்க. எல்லாந்தான் வாங்கறாங்க.”

“இல்லீங், நீங்க கேசட்டு எங்க நிக்குதுன்னு பாத்து ஆளையே சொல்லிப்புடுவீங்ளாம். மலையே பேசுது. எம் பொண்டாட்டி எங்க நிறுத்தியிருக்குதுன்னு நானும் ஒருக்காப் பாக்கறேன். இந்தப் பையிலதான இருக்குது தம்பி?”

இருந்தது. செய்தித்தாளில் சுற்றியபடி மேலாகவே இருந்தது. என் கண் அதன்மேல் போய்விட்டது, அவரும் பார்த்துவிட்டார். அக்கா அவருக்கு முன்பாகக் கையை நீட்டி எடுத்தார்.

“பாருங்க. என்ன இப்ப? ஆனா மழையில வந்த கேசட்டு. அப்படியே போட்டாக் கோடுகோடா வுழுகும், டெக்கு ஹெட்டும் போயிரும். உள்ள வச்சுத் தொடச்சிட்டு வாரேன். உக்காருங்க.”

திரைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பழைய டெக் இருந்தது. சில விநாடி கழித்து அது சுற்றுகிற சத்தம் கேட்டது. விர்ரென்று, மெல்லியதாக. பத்து மாதத்தில் அந்தக் கடையில் நான் கேட்காத சத்தம். அக்கா கேசட்டைச் சுற்றுகிறார். எதற்காக என்று புரிவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

“மிளகு வெல ஏறிருச்சாமுங்ளே?” என்று உரக்கக் கேட்டேன். “கேரளாக்காரன் வாங்கறானாமா? காஞ்ச மிளகுக்கும் பச்சைக்கும் எத்தன வித்தியாசமுங்க? மூட்டை ஈரமாயிட்டா என்னங்க பண்ணுவீங்க?” மூச்சுவிடாமல் கேட்டேன். வியாபாரம் என்றதும் அவரும் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது.

அக்கா வந்து கேசட்டைக் கடை டெக்கில் போட்டார்.

திரையில் மழை. கதாநாயகி நனைந்து வாசலில் நிற்கிறாள். புருஷன் கதவைத் திறக்கிறான். அவள் படிமேல் விழுந்து அவன் காலைப் பிடித்துக்கொள்கிறாள். நான் போனது தப்பு என்கிறாள். அவன் வானத்தைப் பார்க்கிறான். பிறகு குனிந்து அவளைத் தூக்குகிறான்.

வியாபாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். படம் முடிந்து திரை நீலமாகும் வரைக்கும் அசையவில்லை. தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதையா அஞ்சு தடவ பாத்துச்சு?”

“நானென்னத்தச் சொல்றது? கேசட்டு நிக்குதில்லீங்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே இந்தக் கழுத” என்றார். “மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்குது பாருங்க்கா. ரெண்டு மாசமா ஆத்தா ஊட்டுக் கோயில் நோம்பிக்குப் போகோணும்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் வுடல.”

அக்கா கேசட்டை வெளியே எடுத்துப் பெட்டியில் போட்டார். “மன்னிச்சவங்க சந்தேகப்பட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். வியாபாரிக்கு எது பிடிக்குமோ அதைக் கொடுத்தாயிற்று.

“நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கே ஏத்தி வுட்டுடறனுங்க. கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டாச் சேந்தமங்கலத்துல எறக்கி வுட்டுருவாரு. பத்து நாள் இருந்துட்டு வரட்டும். நானே போய்க் கூட்டியாரேன்.” குடையை விரித்துக்கொண்டு போனார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் ஓய்ந்தது. என் துணிகளை அக்காவே மடித்து என் பையில் வைத்தார்.

“அக்கா, தெரியாமச் சொல்லிப்புட்டேன்.”

“தெரியும் கண்ணு. உன்ன வையல.” சம்பளத்தைப் பையின் ஓரத்தில் செருகினார். “அந்தப் புள்ள ஆத்தா ஊட்டுக்குப் போய் இருந்தா மறுக்கா கூட்டியாந்துருவாங்கன்னு அதுக்குத் தெரியும். எங்க போறதுன்னு அது எப்பவோ முடிவு பண்ணிருச்சு. நாலு நாள்ல ஆளு இல்லைன்னு தெரிஞ்சதும் இவன் மொதல்ல இங்கதான் வருவான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உனக்கு டீ வாங்கிக் குடுப்பான்.”

“இனி அவருகிட்ட டீயே குடிக்கமாட்டனுங்க.”

“உனக்குப் புடிச்சது டீ இல்லியே. எதுத்தாப்ல உக்காந்து கேக்கறதுக்கு ஒரு ஆளு. அது கெடச்சா நீ எல்லாத்தையும் சொல்லிருவ. இப்ப அவன் கேசட்டு சுத்துன சத்தத்தக் கேக்கல. நீ கேட்டுட்ட.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் யாரைப் பற்றியும் சொல்லித் தவறியது ஒரே ஒருமுறைதானே. வாசல் வரைக்கும் வந்தார். “உங்குளுக்கு எந்தப் படமுங்க்கா புடிக்கும்?” என்று அப்போதுதான் கேட்டேன். பத்து மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

“நடந்து போ, வெயில் வந்துரும்” என்றார்.

இருட்டும் முன்பு காரவள்ளியை அடைந்தேன். பஸ் நிழற்கூடத்தில் படுத்துத் தூங்கினேன். காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மலையிலிருந்து முதல் பஸ் இறங்கி வந்து நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். ஜன்னலோரம் அந்தப் பெண். மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்தார். தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும்தான்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேறொரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் பின்படி வழியாக இறங்கினார். ஓடவில்லை. எதையோ வாங்கப் போகிறவர்போல ரோட்டைக் கடந்து அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அது கிளம்பியது. போர்டைப் படித்தேன். எந்த ஊர் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

கண்டக்டர் டம்ளரை வைத்துவிட்டு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி என்னிடம் வந்தார். “ஏப்பா, சன்னலோரம் ஒரு புள்ள உக்காந்திருந்துச்சே, எங்க? அவிங்க ஊட்டுக்காரரு பாத்து எறக்கி வுடச் சொன்னாரு.” அந்த பஸ் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

எனக்குச் சும்மா இருக்க வராது. பேசத்தான் வரும்.

“அவிங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க. வெள்ளச் சட்டை, மொபட்டுல. ‘பஸ்ஸுல எதுக்கு நெரிசலு, ஏறு கண்ணு’ன்னாரு. அவிங்க அம்மாவுக்குக் கால்ல அடியாமா, பாவம், அதான் இத்தன வெள்ளன வந்துட்டாராம். உங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாருங்க. கண்டக்டரு நல்ல மனுசன், தேடுவாருன்னு அந்தப் புள்ளையுஞ் சொல்லுச்சு.”

“செரி, ஒரு வார்த்த எங்கிட்டயே சொல்லிட்டுப் போலாமில்ல” என்று முணுமுணுத்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருவர்தான் இருந்தார்கள், ஆள் போதவில்லை. லாரிக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“சும்மாதான உக்காந்திருக்க, வந்து ஏத்தறயா? எங்கிருந்து வர்ற?”

“மேலிருந்துங்க.”

“மேல என்ன பண்ணீட்டு இருந்த?”

“மிளகு பறிச்சனுங்க.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. தலையில் போட்டுக்கொள்ள ஒரு சாக்கை எறிந்தார். கிழங்கில் மண் ஈரமாக ஒட்டியிருந்தது. முதல் மூட்டை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.